கடைசிப் பத்தியில் எல்லாரும் வீடு சேர்வார்கள்

அவள் எழுதியதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ரயிலில் வேர்க்கடலை விற்கிற பெரியவர் ஒருவரை டிக்கெட் பரிசோதகர் பிடித்து அபராதம் போட்ட கதை அது. நடந்தது எங்கள் பெட்டியில்தான், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியவர் கெஞ்சியது, பரிசோதகர் அவர் முகத்தைப் பார்க்காமல் ரசீதைக் கிழித்துக் கொடுத்தது, சிந்திப்போன கடலையைப் பெண்கள் பொறுக்கிக் கூடையில் போட்டது எல்லாவற்றையும் அப்படியே எழுதியிருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடைசிப் பத்தியில் கடலைக்காரர் பங்காருபேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சரி, பாவம், உட்காரட்டும். அவருக்குப் பின்னால் பரிசோதகரும் வீட்டுக்குப் போனார். மாலூரில் இறங்கினார், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார், அவர் சம்சாரம் வெந்நீர் போட்டு வைத்திருந்தார்.

"அந்தாளு வூட்டுக்குப் போனா இன்னா, போவாட்டி இன்னா? உனுக்கு எதுக்கு அந்த வேல?" என்று கேட்டேன்.

"அவரயும் நான்தானக்கா கதைக்குள்ள இட்டுகினு வந்தேன். அப்டியே உட்டுட்டு வர முடியுமா?" என்றாள்.

அவள் அப்போது பெங்களூரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். நான் கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் பிழைப்பெல்லாம் பெங்களூரில்தான். விடிவதற்குள் ரயிலேறி, விளக்கு வைத்த பிறகு திரும்பி வருவோம். நான் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுவேன், அடுத்த ஸ்டேஷன் உரிகத்தில் அவள் ஏறுவாள். கடைசிப் பெட்டி. முதலில் ஏறுகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குக் கர்சீப் போட்டு இடம் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். யார் வந்து கத்தினாலும் கர்சீப்பை எடுக்க மாட்டோம். அவளுக்கும் நான் இடம் பிடித்து வைப்பேன். மகாராணி வந்து அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை பேரிடம் வாய்ச்சண்டை போட்டுப் பிடித்த இடம் அது!

"உக்காந்தா தூக்கம் வந்துடுதுக்கா. நின்னாதான் எழுத வருது."

உண்மைதான். அவள் நின்றுகொண்டுதான் எழுதுவாள். இடது கை கம்பியில், வலது கையில் போன். ஒரே ஒரு கட்டைவிரலால் தட்டுவாள். பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் படித்தவள், தமிழ் எழுத்தைச் சுவரொட்டியையும் கல்யாணப் பத்திரிகையையும் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டவள். ஆங்கில எழுத்தில் தட்டுவாள், போன் அதைத் தமிழாக மாற்றிக் கொடுக்கும். அப்படி எழுதியதைத்தான் 'கடைசிப் பெட்டி' என்று பெயர் வைத்த தன் வலைப்பூவில் போட்டு வந்தாள்.

எனக்கு மனிதர்கள் மூக்கை வைத்துத்தான் ஞாபகம் இருப்பார்கள். எத்தனை வருஷமாக மூக்கின் மேல் கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை! அவளுடையது எந்த ஃபிரேமும் நிற்காத மூக்கு. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் சரிகிற கண்ணாடியைத் தோளை உயர்த்தித் தள்ளிவிட்டுக்கொள்வாள். அதை வைத்தே நான் கண்டுபிடித்துவிடுவேன். அடிக்கடி தோளை உயர்த்தினால் எழுத்து ஓடவில்லை. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து விழப்போகிற மாதிரி தொங்கினால் நன்றாக ஓடுகிறது. என் கைப்பையில் எப்போதும் சின்ன திருப்புளி ஒன்று இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் கண்ணாடியைப் பிடுங்கித் திருகாணியை முடுக்கிக் கொடுப்பேன். அந்த நேரம் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே நிற்பாள்.

எழுதுவதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. கதையில் யார் யார் வருகிறார்களோ அவர்களையெல்லாம் முதலிலேயே மேலே எழுதி வைத்துக்கொள்வாள். கடலைக்காரர், பரிசோதகர், ஜன்னலோரத்து அம்மா என்று. பெயர் போட மாட்டாள். கீழே கதை போய்க்கொண்டிருக்கும். கடைசிப் பத்தியில் ஒவ்வொருவராக வீடு போய்ச் சேரச் சேர, மேலே இருப்பதில் ஒவ்வொன்றாக அழிப்பாள். மேலே ஒன்றும் இல்லாமல் போனால் கதை முடிந்தது. முடிந்ததும் அதில் வருகிற ஆள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தால் அவருக்குப் படித்துக் காட்டுவாள். அவர் வேண்டாம் என்றால் போட மாட்டாள். பூ கட்டுகிற செல்வியக்காவைப் பற்றி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியபோது, "நான் இவ்ளோ பேசறனா?" என்று ஒரே ஒரு குறைதான் சொன்னார். அன்றைக்குக் கட்டிய முழத்தில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டார். கண்டோன்மென்ட்டுக்கு முன்னால் சிக்னலுக்காக ரயில் நிற்கும்போதுதான் வலைப்பூவில் ஏற்றுவாள். ரயில் அங்கே நிற்காமல் போகிற நாளில் அவளுக்கு அவ்வளவு எரிச்சல் வரும்.

படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரிலும் பாதிப் பேர், "அருமை, ஆனால் கடைசிப் பத்தி தேவையில்லை" என்று எழுதுவார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை போடுவாள். அடுத்த கதையிலும் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். சென்னையிலிருந்து ஓர் இணைய இதழ்க்காரர், கடைசிப் பத்தியை எடுத்துக் கொடுத்தால் போடுகிறேன் என்று அவளுக்கு எழுதினார். அதை என்னிடம் காட்டினாள்.

"குடுத்துத் தொலையேன். நாலு பேரு படிப்பாங்க" என்றேன்.

"அப்ப அவுங்கள்லாம் பஸ்ஸு புடிக்க வேணாமாக்கா? ரோட்லயே நிக்கட்டுமா?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே கவலை இருந்தது.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவளே சொன்னாள். அவள் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் இருந்தவர். அங்கே கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளைப் பில்லை ஒன்று உண்டு. பலகையில் ஆணி வரிசையாக அடித்து அதில் பில்லைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும்போது தன் பில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். எல்லாரும் வந்த பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். உடனே தேடப் போவார்கள். அந்தக் காலி ஆணியைப் பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். சுரங்கத்தை மூடியபோது அவள் பால் மணம் மாறாத குழந்தை. பலகையை அவள் கண்ணால் கண்டதில்லை.

"ஆனா எங்கப்பா அந்த வேலய உடவே இல்லக்கா. ராத்திரி கதவ சாத்தறதுக்கு முன்னாடி, 'எல்லாரும் மேல வந்தாச்சா?'ன்னு கேப்பாரு. வூட்டுக்கு வந்தாச்சான்னு கேக்கமாட்டாரு, மேலன்னுதான் கேப்பாரு. எல்லார் வூட்லயும் அப்டித்தான் கேப்பாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

இதைக் கேட்ட பிறகு கடைசிப் பத்திகளைப் பார்த்து நான் சிரிப்பதை விட்டுவிட்டேன். கேலி செய்வதை மட்டும் விடவில்லை.

என்னைப் பற்றியும் எழுதினாள். எங்கள் கடைக்கு ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரர் போட்டிருந்த கண்ணாடியைக் கொண்டுவந்து, அதே ஃபிரேமில் தன் பவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கச் சொன்னார். அவர் இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஃபிரேம் அந்த அம்மாள் முகத்துக்கு ரொம்பப் பெரிது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காதுப் பக்கம் சூடு காட்டி வளைத்து வளைத்து எப்படியோ நிற்க வைத்துக் கொடுத்தேன். இதை ரயிலில் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அவள் எழுதிவிட்டாள். மறுநாள் எனக்குப் படித்துக் காட்டினாள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாள், ஆனால் அவள் குரலில் கேட்கும்போது அது என் வாழ்க்கை மாதிரியே இல்லை, கொஞ்சம் நன்றாக இருந்தது. அந்த அம்மாள் பெரிய கண்ணாடியோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் போனேன். சாம்பியனில் இறங்கினேன். பூட்டைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். காலையில் வைத்த குழம்பைச் சுடவைத்தேன்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "கடலைக்காரர் வூட்ல ஆளு கீது. அந்த டிக்கெட்காரனுக்கு வெந்நீர் வெக்க பொண்டாட்டி கீறா. என் வூட்ல யாரு கீறாங்க? எங்கம்மா போனப்புறம் அந்த வூட்ல இருட்டுதான் கீது. அதுல கொண்டாந்து எதுக்கு என்ன உடற?" என்றேன். செல்வியக்கா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அவள் தோளால் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டாள். "நீங்க போனா நீங்க இருப்பீங்கல்லக்கா" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவளிடம் இனிமேல் பேசவே கூடாது என்று நினைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டபோது, நான் வந்து சேர்ந்ததை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பயமாக இல்லை. அப்படி ஒரு ஆறுதலை அந்த வீட்டில் நான் வெகுநாளாக உணர்ந்ததில்லை. மறுநாள், "போட்டுக்கோ போ" என்றேன். சிக்னலில் ரயில் நின்றதும் ஏற்றினாள்.

ஊரில் உள்ளவர்களையெல்லாம் எழுதினாளே தவிர தன் வீட்டைப் பற்றி அவள் ஒரு வரி எழுதியதில்லை. அம்மா இல்லாத வீடு என்று எனக்குத் தெரியும். அப்பா இருக்கிறார். ஓர் அண்ணன் இருந்தான். அவளைவிட ரொம்பப் பெரியவன். பெங்களூரில் வேலைக்குப் போனவன், அப்பாவையும் தங்கையையும் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அப்பா ஊரைவிட்டு வரமாட்டேன் என்றார். வாய்ச்சண்டை. கிளம்பிப் போனவன் முதலில் போன் செய்துகொண்டிருந்தான், பிறகு அந்த நம்பரும் நின்றுபோனது. திருப்பூரில் பார்த்தோம் என்றார்கள், கோவாவில் பார்த்தோம் என்றார்கள். அவன் போனதிலிருந்து அவள் அப்பா வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. காற்றில் திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு முக்காலியை நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான்.

"அண்ணன எழுதறது கஷ்டமில்லக்கா. எழுதினா கடைசில அவன வூட்ல உடணும். எங்கக்கா உடுவேன்? அவன் எங்க கீறான்னே தெரியலயே." இதைச் சொன்னபோது அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பிறகு யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், அவள் வலைப்பூவில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். 'எல்லார் வீட்டுக்கும் போகிறீர்கள், உங்கள் வீட்டுக்கு எப்போது போவீர்கள்?' அதைப் படித்த மறுநாள் காலை, நான் பிடித்து வைத்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். உட்கார்ந்தும் தூக்கம் வரவில்லை அவளுக்கு. நாள் கணக்காக அப்படியே உட்கார்ந்து எழுதினாள். கண்ணாடி நழுவி மடியில் விழுந்ததைக்கூட ஒருமுறை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எழுதியதை எனக்கு மெல்லிய குரலில் படித்துக் காட்டினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டில் சொம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அண்ணன் அவள் யூனிபாரத்தைத் தேய்த்துக் கொடுத்தது, சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளின் திருப்பத்தில் அவன் சீட்டி அடித்தால் இவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தது, சண்டை நடந்த அன்று அவன் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போன தட்டை அப்பா மறுநாள் வரை கழுவ விடாதது எல்லாம் இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தாள். அண்ணன் உரிகத்தில் ரயிலைவிட்டு இறங்கினான். லைனின் திருப்பத்தில் சீட்டி அடித்தான். அவள் கதவைத் திறந்தாள். எல்லாரும் மேலே வந்தாச்சா என்று அப்பா கேட்டார். வந்தாச்சு என்றாள். அப்பா தாழ்ப்பாளைப் போட்டார்.

"வந்துட்டானாடி!" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"இல்லக்கா."

"அப்ப இது பொய்தான?"

"பொய் இல்லக்கா. கடைசிப் பத்தி."

எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டுப் போடுகிறவள் அதை அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. சிக்னலில் ரயில் நின்றது. ஏற்றிவிட்டாள்.

அன்று மாலை ரயில் மாலூரைத் தாண்டியபோது அவள் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள். அவர் சத்தமாகப் பேசுகிறவர், எனக்கே கேட்டது. "கண்ணு, உங்கண்ணன் வந்துட்டானாமே! நீ எழுதியிருக்கியாம், எங்க மருமவ போன்ல படிச்சா. பேரு போடாட்டி எங்களுக்குத் தெரியாதா, டைம் ஆபீஸ்காரர் வூடு ஒண்ணுதானே கீது. உங்கப்பாகிட்ட சொன்னேன். வேற சட்ட போட்டுகினு ஸ்டேஷனுக்குப் போய்ட்டாரு."

அவள் அப்பாவிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாளும் சொன்னதும் போனை வைத்துவிட்டார், திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அவள் எழுந்து போய்க் கதவோரம் நின்றாள். மாலூரிலிருந்து உரிகம் வரை அந்த ரயில் அவ்வளவு மெதுவாக என்றைக்கும் போனதில்லை. நான் இறங்க வேண்டியது அடுத்த ஸ்டேஷனில், ஆனால் அவளோடு உரிகத்திலேயே இறங்கினேன். அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

பிளாட்பாரத்தில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே அவர் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், பெட்டி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவளைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். அவர் கண் எங்களைத் தாண்டி, இறங்குகிறவர்கள் ஒவ்வொருவர் முகத்திலும் போய்ப் போய் நின்றது. டைம் ஆபீஸில் இப்படித்தான் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கூட்டம் கலைந்தது. ரயில் கிளம்பிப் போனது.

"அவன் முன்னாடி பொட்டில ஏறிட்டானாம்மா? அடுத்த ஸ்டேஷன்ல எறங்குவானா?"

"இல்லப்பா. அண்ணன் வரல. நான் அப்டி எழுதினேன்ப்பா."

"எழுதினியா?"

"கடைசில எல்லாரயும் வூட்டுக்குக் கொண்டாந்து உடுவேன்ப்பா. அதான் அவனயும் உட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் சட்டையின் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக, புதிதாக வேலைக்கு வந்தவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஆளு மேல வராம பில்லைய மாட்டக்கூடாதும்மா. மாட்டிட்டா அப்பறம் எவனும் தேடமாட்டான்."

வீட்டுக்கு நடந்தோம். வாசலில் லைன்காரர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றிருந்தார். வருகிறவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி வெளியாள் என்று கண்டதும் ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துப் போக அந்த அம்மாளுக்குக் கூச்சம், படியிலேயே வைத்துவிட்டுப் போனார். அவள் அப்பா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் பின்னால் போனாள். கதவைச் சாத்தினாள். நான் தெருவில் நின்றிருந்தேன். முக்காலியை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் அவள் பழையபடி நின்றுகொண்டு போனை எடுத்தாள்.

"எல்லாத்தயும் அழிச்சிடப் போறியா?" என்றேன்.

"இல்லக்கா. கடைசிப் பத்திய மட்டும்." அழித்தாள். "அவன் கீழயே இருக்கட்டும். அப்பதான் யாராச்சும் தேடுவாங்க."

அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. நானும் செல்வியக்காவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "வரலக்கா" என்பாள், அவ்வளவுதான். ரயிலில் ஏறியதும் நான் பிடித்து வைத்த இடத்தில் உட்காருவாள், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். தலை என் தோளில் சாயும். கண்ணாடியைக் கழற்றி என் பையில் வைத்துக்கொள்வேன். அவள் உட்கார வேண்டும் என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! உட்கார்ந்த பிறகு எனக்கு அது பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று தோளை உயர்த்துகிற அந்தப் பெண்ணைத்தான் மனசு தேடியது.

அவள் கடைசி வருஷப் பரீட்சை எழுதிய சமயத்தில் எங்கள் முதலாளி சேலத்தில் ஒரு கடை திறந்து என்னை அங்கே அனுப்பிவிட்டார். கொஞ்ச நாள் போனில் பேசினோம். பிறகு என் போன் தொலைந்தது, அதோடு நம்பர்களும் போயின. வெகுநாள் கழித்து ஊருக்குப் போனபோது நந்திதுர்க் லைனுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கதவில் புதுத் தாழ்ப்பாள். பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொன்னார். "அவரு போய்ச் சேந்துட்டாரும்மா. பொண்ணு வேல கெடச்சிதுன்னு போச்சு. அண்ணன் வந்தா குடுங்கன்னு ஒரு நம்பர எழுதிக் குடுத்துட்டுதான் போச்சு. இப்ப அடிச்சா அதுவும் போவல." அண்ணன் வந்தானா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

'கடைசிப் பெட்டி' இன்னும் இருக்கிறது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் திறந்து பார்ப்பேன். சாப்பிடாத தட்டை அப்பா கழுவ விடாத இடத்தோடு அது நின்றுபோயிருக்கிறது. கீழே நான் ஒரு வரி எழுதினேன்: 'வூட்டுக்குப் போய்ட்டியா?' பதில் இல்லை. இங்கே சேலத்தில் எனக்குப் பேச்சுத் துணை யாரும் இல்லை. அவள் ஞாபகம் வருகிற நாள்களில் அது நன்றாகவே தெரிகிறது.

இவ்வளவு எழுதியாகிவிட்டது. உள்ளே இழுத்து வந்தவர்களை விட்டுவிட்டுப் போகக்கூடாது. செல்வியக்கா மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் மருமகளோடு உள்ளே போய்விட்டார். டைம் ஆபீஸ்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு உரிகத்திலிருந்து நான் ஆட்டோ பிடித்து சாம்பியனுக்கு வந்தேன், பூட்டைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன், நான் இருந்தேன். அண்ணனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மிச்சம் அவள்தான். அப்பாவின் பின்னால் படியேறி உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்தேன், அதையே எழுதி அவளையும் வீட்டில் விட்டு முடித்துவிடலாம். கை போகிறது. ஆனால் அது அந்த ஒரு சாயங்காலம்தான். அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்த ரயிலில் நின்றுகொண்டு போகிறாளோ, கண்ணாடியை யார் முடுக்கிக் கொடுக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. அவள் ஆணி காலியாகவே இருக்கட்டும். மாட்டிவிட்டால் நானும் தேடமாட்டேன்.